இரண்டாவது கம்பிக்கு ஒரு பூட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் இருவரும் நலம்தான். ஆனால் அம்மா என்னிடம் பேசி நான்கு நாளாகிறது. அவள் தூங்கியதும் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவின் ஆய்வகத்தில் மூன்று மாதமாக எந்திரம் வளைத்து நிமிர்த்திய இரும்புக் கம்பி, துறைத் தலைவர் தன் புத்தகத்தில் எழுதிய ஆயுளில் பாதிகூட தாங்காமல் உடைந்தது. விரிசல் எங்கே தொடங்கியது என்பது உடைந்த பரப்பில்தான் தெரியும்; அதைக் காட்டினால்தான் புத்தகக் கணக்கு தப்பென்று அம்மாவால் நிரூபிக்க முடியும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்தால் அந்தத் தடயம் தேய்ந்துவிடும். அது எனக்கே தெரியும்.

அம்மா வகுப்பெடுக்கப் போயிருந்தபோது தலைவர் வந்து இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துத் திருகினார். மூலையில் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீதான் வெளையாடினேன்னு சொல்லிடு. அம்மாவுக்கு அடுத்த வருஷமும் வேலை வேணுமில்ல?" என்றார்.

அம்மா வந்ததும் அப்படியே சொல்லிவிட்டேன்.

"உன்னை எதுக்குடி இங்க உக்கார வச்சேன்?" என்று அம்மா கத்தினாள்.

"சின்னப் புள்ள, விடும்மா" என்றார் அவர். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதது.

நான் உண்மையைச் சொன்னால் அம்மா அந்த நிமிடமே அவரிடம் சண்டை போட்டு வேலையை இழப்பாள். நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள். பக்கத்து எந்திரத்தில் ஓடும் இரண்டாவது கம்பி உடைய இன்னும் மூன்று வாரமாகுமாம். அதற்குள் நம் பித்தளைப் பூட்டை அனுப்புங்கள், உடைந்த துண்டுகளை வைக்கும் ஆய்வக அலமாரிக்கு வேண்டும். இரண்டு சாவியும் வேண்டும்.

அம்மா கதவைத் தட்டுகிறாள். "இன்னும் தூங்கலையா?" என்கிறாள். நான்கு நாளில் இதுதான் முதல் பேச்சு.

உங்கள் மகள்