கடல் பக்கத்து ஜன்னல்

செங்கற்பட்டு,
4-2-1956

அன்புள்ள கோதண்டராமனுக்கு,

தேவசகாயத்தின் வந்தனம். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம் என்று நாம் வேலை பார்க்கும் மகாபலிபுரம் கச்சேரிக்கே எழுதுகிறேன்.

போன வாரம் உம் மனைவி கோமளம் அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கூடை நிறைய சாத்துக்குடி. போகும்போது சாராளிடம், “உங்காத்துக்காரர் அந்தச் சுருட்டை அன்னிக்கே விட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரும் என் மார்பைத் தட்டிப் பார்த்து, “எத்தனை வருஷமாகப் புகைக்கிறீர்?” என்றார். இல்லை என்றேன், சிரித்தார்.

சாராளின் தகப்பனார் சுருட்டால் இருமியே போனவர். தொடமாட்டேன் என்று வேதப் புஸ்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்ன பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டை நாறும்போதெல்லாம், “கோதண்டராமன் விடுகிற புகை” என்பேன். நம்பினாள். இப்போது, “இத்தினி வருசமா பொய்யா சொல்லிகினு இருந்தீங்க?” என்று ஒரே ஒருமுறை கேட்டாள். பிறகு பேச்சே இல்லை. கஞ்சியை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுகிறாள்.

உம் சுருட்டை உம் வீட்டில் என் தலையில் போட்டிருக்கிறீர் என்று புரிந்தது. போகட்டும். சாராளுக்கு மட்டும் நாலு வரி உண்மையை எழுதும். டாக்டர் முகம் சரியில்லை, சீக்கிரம் எழுதும்.

உம்முடைய,
தேவசகாயம்

மகாபலிபுரம்,
15-2-1956

அன்புள்ள தேவசகாயத்துக்கு,

கோதண்டராமன் அநேக நமஸ்காரம். நீர் இல்லாமல் கச்சேரி வெறிச்சென்று இருக்கிறது. கால்வாய்ப் படகுக்காரர்கள்கூட உம்மைக் கேட்கிறார்கள்.

அடுத்தவன் விட்ட புகையில் மார்பு கெடுமா ஓய்? கழுக்குன்றம் பஸ்ஸில் ஏறிப் பாரும், பாதிப் பேர் வாயில் பீடி. மீதிப் பாதி அதைத்தானே மூச்சில் இழுக்கிறது! நம் கச்சேரியில் எட்டுப் பேரில் உம்மைத் தவிர யார் பிடிக்கவில்லை? டாக்டரே பிடிப்பார், கேட்டுப் பாரும்.

நான் இருப்பது கோயில் தெரு, சுருட்டென்று தெரிந்தால் அவ்வளவுதான். என் மகள் வத்சலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இந்தச் சமயத்தில் எழுத்தில் ஒன்றும் வேண்டாமே. சித்திரை கழிந்ததும் நேரில் வந்து சாராள் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அதற்குள் நீரும் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்.

உம் சிநேகிதன்,
கோதண்டராமன்

மகாபலிபுரம்,
20-3-1956

அன்புள்ள தேவசகாயத்துக்கு,

உம்மிடமிருந்து பதில் இல்லை. கோபம் நியாயம்தான்.

உம் நாற்காலிக்குச் சின்னராசு என்பவர் மாற்றலாகி வந்திருக்கிறார். நாற்பது வயது, நாலு பிள்ளைகள். மூன்றாம் நாளே, “ஜன்னலைத் தொறங்க அண்ணாத்த, கண்ணு எரியுது” என்றார். கடல் பக்கத்து ஜன்னல். நீர் தினம் திறப்பீர். காற்றில் தீக்குச்சி அணைகிறது என்று நான் சாத்துவேன். பதினோரு வருஷம். ஒருநாள்கூட நீர் முகம் சுளித்ததில்லை. அது நினைவு வந்ததும் கையிலிருந்த சுருட்டைப் பற்றவைக்க முடியவில்லை.

இதைச் சாராள் அம்மாவிடம் காட்டும். அம்மா, சுருட்டு என்னுடையது. உங்கள் கணவர் ஒருநாளும் தொட்டதில்லை. நாற்றத்தைக் கோமளம் கேட்டபோது, “தேவசகாயம் பிடிக்கிறார், என்ன செய்வது?” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு மாற்றிச் சொல்லத் தைரியம் இல்லை. அவரை நம்புங்கள். என்னை மன்னிக்க வேண்டாம்.

கோதண்டராமன்

செங்கற்பட்டு,
27-3-1956

கோமளம் அம்மாவுக்கு,

சாராள் எழுதுவது. உங்கள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வந்தது. திங்கட்கிழமையே அவரை அடக்கம் செய்துவிட்டோம்.

படித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். என் வீட்டுக்காரர் சொன்னதைத்தான் நான் நம்பவில்லை.

சாத்துக்குடிக் கூடை இங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கஞ்சி வைக்கும்போது, “சாராளு, செத்த நேரம் இங்க குந்தேன்” என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். ஒரு வேலையும் இல்லை அம்மா.

இப்படிக்கு,
சாராள்