கதவோடு ஃபிரிட்ஜைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மூட்டை தூக்கும் தொழிலாளி,
மாடி வீடு, மாவு மில்லுக்கு எதிரில்.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர்க்கும் அலுவலர் அவர்கள்.

பொருள்: ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க மறுத்து, கதவை மாற்றச் சொல்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் என் கையால் எழுதும் முதல் மனு இது. மெதுவாகத்தான் எழுதுகிறேன். தாங்களும் மெதுவாகப் படிக்கவும்.

1. எங்கள் ஃபிரிட்ஜில் குளிர்ச்சி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக், கேஸ் கசிகிறது, அடைத்து நிரப்பினால் போதும், வாரண்டியும் இருக்கிறது என்று சொல்லி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனார்.

2. அங்கே மேலாளர் கதவைப் பார்த்து முகம் சுளித்தார். கதவை நாங்களே கிறுக்கிக் கெடுத்துவிட்டோமாம். புதுக் கதவு போடச் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் பழையதைக் கொடுத்துவிட்டுப் புது ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும் என்கிறார். கசிவது பின்பக்கம், ஐயா. கதவு என்ன செய்தது?

3. கதவில் இருப்பது என் மனைவி எழுதிய அகரவரிசை. அழியும் பேனா என்று நினைத்து எழுதினாள், அழியவில்லை. தண்ணீருக்காக நாளெல்லாம் அந்தக் கதவைத் திறப்பவன் நான். அவள் விரல் வைத்த எழுத்தைச் சொன்னால்தான் திறக்க விடுவாள். 'ஞ' வராமல் ஒரு மதியம் முழுக்கத் தொண்டை காய நின்றேன். "தாகம் எடுத்தா தானா வரும்" என்றாள். வந்தது.

4. மகனுக்குப் புதிது வாங்க ஆசை. மருமகள் நிறம்கூடப் பார்த்துவிட்டாள், அதன் கதவில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு இன்னும் கூட்டிப் படிப்பதில் பாதிப் பாடம் பாக்கி.

5. மேலாளர் ஒரு தாளை நீட்டி, மைப்பெட்டியையும் நகர்த்தி வைத்தார். முன்பென்றால் பெருவிரலை அழுத்திவிட்டு வந்திருப்பேன். இம்முறை நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக, அவர் இருமுறை டீ குடித்து முடிக்கும்வரை படித்தேன். 'கிறுக்கப்பட்ட கதவை அப்புறப்படுத்தச் சம்மதம்' என்று இருந்தது. கதவின் அடியில் இருப்பது நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் போட்ட கையெழுத்து. சம்மதம் இல்லை என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே, கேஸை நிரப்பி, கதவைத் துடைக்காமல், சுரண்டாமல், மாற்றாமல் அனுப்பிவைக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். அதுவரை பானைத் தண்ணீர் குடித்துக்கொள்வேன். புதிய ஃபிரிட்ஜை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வேன். மூட்டை தூக்கிய உடம்பு, லேசில் நகர்த்த முடியாது.

கீழே இருப்பது கிறுக்கல் அல்ல என்பதைத் தாங்களாவது ஏற்றுக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

(கையொப்பம்)

இடம்: எங்கள் சமையலறை, ஃபிரிட்ஜ் இருந்த மூலை
நாள்: வியாழக்கிழமை