ஆயுத பூஜை லாட்

ஹெப்பாள், மைசூரு
வெள்ளிக்கிழமை. நேரம் கடைசியில் போடுகிறேன்.

அன்பு மகள் வைஷாலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாதேஸ்வரன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அங்கே கனடாவில் நீயும் கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், அந்தக் கை கால் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நேற்று போனில் சொல்ல வந்ததை நீ சொல்லவிடவில்லை. புது சைக்கிளில் ஏறாதே என்று வாயைத் திறந்ததும், "ஆரம்பிச்சிட்டியாம்மா, இந்த வாரம் என்ன, கிரகணமா அஷ்டமியா" என்று சிரித்து, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எனக்குக் கன்னடத்தில் சண்டை போட வரும், எழுத வராது. உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதுவும் நல்லதுதான், நீ சைக்கிளில் மலையிலிருந்து இறங்குகிற வேகத்தில் இதைப் படிக்க முடியாது.

உன்மேல் தப்பில்லை கண்ணு. காலேஜில் படிக்கும்போது சாமுண்டி மலையில் சைக்கிளோடு உருண்டு முழங்கையை உரித்துக்கொண்டு வந்தாயே, அன்றிலிருந்து நான் சொல்லாத பொய் இல்லை. செவ்வாய்க்கிழமை மலை இறங்கக்கூடாது என்பது நானாகக் கட்டியது. உனக்கு நேரம் சரியில்லை என்று மாதேஸ்வரன் மலைப் பூசாரி சொன்னதாகச் சொன்னேனே, அவர் என் நெற்றியில் திருநீறு வைத்து "முந்தே ஹோகம்மா" என்று கூட்டத்தை நகர்த்தியதோடு சரி. எனக்கு நாலு தடவை நெஞ்சு வலி வந்ததில் மூன்று தடவை வரவே இல்லை. புலி வருது, புலி வருது என்று நானே கத்திக் கத்தி, இப்போது நிஜப் புலி வந்து நிற்கிறது, நம்பத்தான் ஆளில்லை.

போன ஞாயிறு புது சைக்கிள் வந்த சந்தோஷத்தில் ஏழு போட்டோ அனுப்பினாய். வரப்போகிற சீசனுக்கு வந்த மாடல், ஃபோர்க் புதுசு, பிரேக் புதுசு, கியர் புதுசு, பச்சைக் கலர், எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஏழாவது போட்டோவில்தான் என் கண் நின்றது. ஃபிரேமின் நடுவில் பின் சக்கரத்தைத் தாங்குகிற கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிற உள்ளங்கை அகல அலுமினியத் துண்டு, அதுதான் நாங்கள் செய்கிற லிங்க், கீழே "உங்க ஃபேக்டரி பீஸ்மா" என்று எழுதியிருந்தாய். கண்ணாடியைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன், லாட் நம்பர் 214. ஒரே தடவையில் ஓவனில் வைக்கிற துண்டுகளுக்கெல்லாம் ஒரே லாட் நம்பர்தான். பதினெட்டு வருஷமாக ஓவன் பக்கத்தில் நிற்கிறேன், நான் எடுத்த துண்டு எந்த ஊரில் யார் காலடியில் இருக்கிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை, இது என் மகள் காலடியில். திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாக ஓவன் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். ஆயுத பூஜை அன்று வைத்த லாட், என் கையெழுத்து. சாமியே பார்த்து என் பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறது என்று பக்கத்து மெஷின் மாதேவியிடம் பீற்றிக்கொண்டேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அன்று நடந்ததெல்லாம் ஞாபகம் வந்தது, டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

லிங்க் கடினமாக வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் ஓவனில் இருக்க வேண்டும். குறைந்தால் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அடி வாங்க வாங்க வளையும், ஒருநாள் உடையும். ரெஜிஸ்டரில் உள்ளே ஏழு மணி, வெளியே மூன்று மணி என்று இருக்கிறது. அன்று மூன்று மணிக்கு நான் ஃபேக்டரியிலேயே இல்லை. தசராவுக்கு ரோட்டை அடைக்கப்போகிறார்கள் என்று உன் அப்பா ஓட்டுகிற கம்பெனி பஸ் திடீரென்று பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டது, நான் முன் சீட்டில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் மூன்று மணி என்று எழுதியது யார், நான்தான். பூஜையில் மெஷினோடு நோட்டையும் பேனாவையும் சாமுண்டி படத்துக்கு முன்னால் வைப்போம் அல்லவா, வைத்தால் விஜயதசமி கழியும்வரை தொடக்கூடாது. அதனால் லாட்டை உள்ளே வைத்த கையோடு, வெளியே எடுக்கப்போகிற நேரத்தையும் முன்கூட்டியே எழுதி, குங்குமப் பொட்டு வைத்து நோட்டைக் கொடுத்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஆரத்தி, அப்போது எந்த மெஷினும் ஓடக்கூடாது, அரை மணி நிறுத்துங்கள் என்றார் சூப்பர்வைசர் உதயகுமார், ஓவனை நிறுத்தினேன். பூசணிக்காய் உடைத்தார்கள், ஸ்வீட் கொடுத்தார்கள், பஸ் ஹாரன் அடித்தது, திரும்பப் போட மறந்தேன். விடுமுறை கழிந்து வந்தபோது லாட் ஆறிக் கிடந்தது. நோட்டில் மூன்று மணி என்று இருந்தது, என் கையெழுத்தை நானே நம்பி எடுத்து அனுப்பினேன். கடினம் பார்க்கிற மெஷின் அந்த வாரம் ரிப்பேரில் இருந்தது, "ராமக்கா எழுதினா கடியாரம் எழுதின மாதிரி" என்று உதயகுமார் சீல் போட்டுவிட்டார்.

எல்லா லாட்டிலும் ரெண்டு துண்டு சாம்பிளுக்கு எடுத்து வைப்போம். செவ்வாய்க்கிழமை அதில் ஒன்றை எடுத்து, ரிப்பேர் முடிந்த அந்தக் கடினம் பார்க்கிற மெஷினில் மூன்று தடவை வைத்தேன். தொண்ணூற்றைந்துக்குக் குறையக்கூடாது. எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தேழு. உதயகுமாரிடம் காட்டினேன், "சும்மனே இருங்கக்கா, உடையறதா இருந்தா இதுக்குள்ள ஒண்ணாவது உடைஞ்சு திரும்பி வந்திருக்கணும் இல்லியா" என்கிறார். அங்கே பனியே இப்போதுதான் உருகுகிறது, இந்த மாடலில் இன்னும் யாரும் மலை ஏறவில்லை, எப்படி உடையும்? உன் அப்பாவிடம் சொன்னேன், "ரெண்டு வருசத்துல ரிட்டையர்டு ஆகறவளுக்கு எதுக்கு இந்த வம்பு, புள்ளைகிட்ட மட்டும் சொல்லிப்போட்டு வாய மூடிட்டு இரு" என்றார். மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்ததைப் பக்கத்து வீட்டு கௌரம்மா வந்து நிறுத்தினாள், குக்கர் விசிலை எண்ண முடியவில்லை, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தே இருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டால் மனசு அடங்கும் என்றுதான் நினைத்தேன், அடங்கவில்லை. அந்த லாட்டில் நானூறு துண்டு. உன்னுடையது ஒன்று. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் யாரும் ஓவன் பக்கத்தில் நிற்கவில்லை. அதனால் இன்று ரெஜிஸ்டரையும் அந்தச் சாம்பிளையும் எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போகிறேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்லத் தைரியம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா வந்து, ஆயுத பூஜை அன்றைய பஸ் ட்ரிப் ஷீட்டை என் டிபன் பைக்குள் வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டரை என்று அதில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. போகிற போக்கில் "சீக்கிரம் கிளம்பு, முதலாளி எட்டு மணிக்கே வந்துருவாரு" என்றார்.

நீ செய்ய வேண்டியதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை சீசனின் முதல் ரேஸுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை, இதை ரெண்டு தடவை படி. போ. பழைய சைக்கிளைத் தோழியிடம் கொடுத்திருக்கிறாயே, அதைக் கேட்டு வாங்கி அதில் ஓட்டு. புதுசை வேறு லிங்க் மாட்டும்வரை மூலையில் நிறுத்து. வேறு யாரிடமாவது 214 இருந்தால் அவர்களிடமும் சொல், அம்மா தப்பு என்று சொல், வெட்கப்படாதே. இனி உயிர் இருக்கும்வரை உன்னைச் சைக்கிளில் ஏறாதே என்று சொல்ல மாட்டேன், கிரகணமானாலும் சரி, நெஞ்சு நிஜமாகவே வலித்தாலும் சரி. நீ அனுப்புகிற வீடியோவைப் பாதியில் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன், இனி முழுதாகப் பார்க்கிறேன். எனக்கு மிச்சமிருந்த ஒரு "ஏறாதே" இதுதான், இதை மட்டும் கேள் சாமி.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக் குல்லா போடு. நீ மலை இறங்கும்போதெல்லாம் மாதேஸ்வரன் உனக்கு முன்னால் இறங்கட்டும். படித்ததும் அந்தச் சைக்கிளை மூலையில் நிறுத்தி எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
ராமக்காள்

நேரம் காலை ஐந்து ஐம்பது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.