காலியாக விட்ட காலைகள்

வட்டக்கானல்,
ஏப்ரல் 28

அன்பு மகள் சமீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் எங்களை உன்னிடம் வரச்சொல்லி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐதராபாத் பிளானைப் பற்றிப் பேச வேண்டும். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய். உன் அத்தாவும் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். அதனால்தான் கடிதம். நம் ரூமில் தங்கியிருக்கும் ஐதராபாத் டீச்சரம்மா நாளை ஊர் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பிளான் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு நாள். சார்மினார், கோல்கொண்டா கோட்டை, சாலார் ஜங் மியூசியம், இரானி டீ, உஸ்மானியா பிஸ்கட், இரண்டு கடையில் பிரியாணி. படித்ததும் வாயில் எச்சில் ஊறியது, பொய் சொல்லவில்லை. ஆனால் இருபது வருஷமாக இரண்டு ரூமை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எங்கே போகலாம், எங்கே சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுக்கிறவள் நான். நான் பிளான் போட, உன் அத்தா கார் ஓட்ட, அப்படித்தான் உன்னைப் படிக்க வைத்தோம். என்னிடமே ஒரு பிளானைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறாயே!

முதலில் உறுத்தியது தேதி. மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் கொடைக்கானல்காரன் எவனாவது ஊரை விட்டுப் போவானா? ஐதராபாத்காரர்கள் வெயில் தாங்காமல் இங்கே ஓடி வருகிறார்கள், நாம் அங்கே ஊர் சுற்றப் போகிறோமாம். சீசன் என்று என் தம்பி கல்யாணத்துக்கே அரை நாள் மட்டும் தலைகாட்டியவர் உன் அத்தா. இந்தப் பிளானுக்கு மறுபேச்சில்லாமல் சரி என்றார். ஏன் என்று கேட்டேன். "ஒனக்கு எதப் பாத்தாலும் சந்தேகந்தேன். பிள்ள ஆசையாக் கூப்பிடுது, பேசாமக் கெளம்பு" என்று சொல்லிவிட்டுக் காரைத் துடைக்கப் போய்விட்டார். காலையில்தான் துடைத்த கார் அது.

அப்புறம் நீ போட்டிருக்கும் நேரம். டால்பின் நோஸ் பார்க்கப் போகிறவர்களிடம் நாம் என்ன சொல்வோம்? வெள்ளனே கிளம்புங்க, ரெண்டு மணிக்கு மேல மேகம் ஏறிரும், ஒண்ணும் தெரியாது என்றுதானே? நீ சின்ன வயதில் மதுரைக்குப் போனபோது, நாயக்கர் மகாலைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேகம் வந்து மூடிவிடும் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று அடம்பிடித்தாய். மதுரை வெயிலில் அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்படிப்பட்டவள் இப்போது நான்கு நாளும் காலையைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் நாலு மணிக்கு மேல் வைத்திருக்கிறாய். காலைக்கு நேரே ‘ரெஸ்ட்’ என்று மட்டும். நான் என்றைக்கடி காலையில் ரெஸ்ட் எடுத்திருக்கிறேன்?

மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறாயோ என்று நினைத்தேன். பையன் வீட்டார் காலையில் வருவார்கள் போல என்று உன் அத்தாவின் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கூட வைத்தேன். கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். முதல் நாள் காலை டிபன் பதினொன்றரைக்கு. கீழே பொடி எழுத்தில், ‘அம்மாவுக்கு அதுவரை டீ வேண்டாம்.’ சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று பெண்ணைப் பெற்றவளை யாராவது பட்டினி போடுவார்களா?

உன் வீடு இருக்கும்போது எங்களுக்கு லாட்ஜ் எதற்கு என்பதும் புரியவில்லை. நேற்று டீச்சரம்மாவிடம் அந்த விலாசத்தைக் காட்டினேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, நல்ல இடம்தான், எதிரிலேயே பெரிய ஆஸ்பத்திரி, நோயாளிகளோடு வருகிறவர்கள்தான் அங்கே அதிகம் தங்குவார்கள் என்றார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அப்புறம் கெஸ்ட் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் பக்கத்து வீட்டு ஜோதிமணி அக்காவோடு துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தேன். அந்த ரிப்போர்ட்டை ரெஜிஸ்டருக்குள், ஆதார் நகல்களுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தேன். அது அங்கேயேதான் இருந்தது. ஆனால் நான் இரண்டாக மடித்தது நாலாக மடிந்திருந்தது. எந்தக் காகிதத்தையும் சட்டைப் பைக்கு ஏற்ற மாதிரி நாலாக மடிப்பவர் யார் என்று உனக்கே தெரியும்.

ஆக, முதலில் மறைத்தவள் நான்தான். மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது. உடனே பெரிய இடத்தில் காட்டுங்கள் என்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார். சீசன் முடியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பயம், சமீஹா. டாக்டர் வாயால் அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் அத்தாவிடம் எதுவும் காட்டிக்கொள்ளாதே. நான்கைந்து நாளாக என் கையில் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால் வந்து வாங்கிக்கொள்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அழுதுவிடுவார்.

வருகிறேன். ரூம்களை ஜோதிமணி அக்கா பார்த்துக்கொள்வார். ஆனால் இந்தப் பிளானுக்கு வர மாட்டேன், திருத்தி அனுப்பு. காலைக்கு நேரே எந்த டாக்டர், என்ன டெஸ்ட், எத்தனை மணிக்கு என்று உள்ளதை எழுது. இன்னொன்று. சாலார் ஜங்கில் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். மணிக்கு மணி ஒரு சின்ன பொம்மை வெளியே வந்து அடித்துவிட்டுப் போகுமாம். டீச்சரம்மா சொன்னார். நீ என்னை நாலு மணிக்குக் கூட்டிப்போவதாகப் போட்டிருக்கிறாய். நாலு அடி கேட்டுவிட்டு நான் திரும்ப மாட்டேன். ஒரே ஒரு பகலையாவது ஆஸ்பத்திரியிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடு. எனக்குப் பன்னிரண்டும் வேண்டும்.

‘நான் நலம்’ என்று மேலே எழுதவில்லை, கவனித்தாயா? பிப்ரவரியிலிருந்து போனில் அதைத்தான் சொல்லிவந்தேன், இனிமேல் சொல்ல முடியாது. ஒவ்வொரு தொழுகையிலும் உனக்கு நீண்ட ஆயுளைக் கேட்கிறேன். இனி எனக்கும் சேர்த்து நீ கேள், மகளே.

உன் அம்மா,
ரபியா