குருவி காட்டிய குளிர்காலம்

அன்புள்ள உங்களுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். அதையே நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேய்ச்சல் மலையிலிருந்து நீங்கள் அனுப்பிய புல்விதைகள் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. மகளை, நம் குருவியை, அடக்கம் செய்த மறுவாரமே மலையேறியவர், பைமேல் விதை பொறுக்கிய இடத்தை எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறீர்கள். அடிவாரத்து விதை சூடு பட்டதும் முளைத்துவிட்டது. உச்சியில் பொறுக்கியது அசையவே இல்லை. ஈரமும் குளிரும் மாதக்கணக்கில் பட்டால்தான் அதற்கு உறக்கம் கலையும். குளிருக்கு நடுவில் வரும் நாலு நாள் வெயிலை நம்பி முளைத்தால் பனியில் கருகிவிடுமே. உங்களை மாதிரியே அழுத்தம்.

உங்கள் தங்கை வந்திருந்தாள். பிரிட்ஜின் கீழ்த்தட்டை நான் இத்தனை மாதமாகத் தொடவில்லை என்று தெரிந்து, அவளே சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். பின்னாலிருந்து நம் மகளின் பென்சில் டப்பாவை எடுத்து, "அண்ணி, இதுல என்னமோ பூஞ்சை புடிச்சிருக்கு, தூக்கிப் போட்டுரட்டுமா?" என்றாள்.

பூஞ்சை இல்லை. ஈரத்துணிக்குள் உங்கள் உச்சிமலை விதைகள். ஆய்வுக்கூடத்தில் நான் செய்வதைப் பார்த்துவிட்டு, "நானும் விதைக்குக் குளிர்காலம் காட்டுறேம்மா" என்று குருவி அடம்பிடித்து நின்றாளே, நீங்கள்கூட ஒரு பிடி கொடுத்தீர்களே, அதுதான். எனக்கு மறந்தேபோயிருந்தது. குளிர் போதும் என்று ஆனதும், வெளியே எடுக்க ஆள் இல்லாமல், அந்த இருட்டிலேயே முளைத்திருக்கிறது. நூல் மாதிரி வெள்ளை வேர். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே அழுதேன். உங்கள் தங்கை பயந்துபோனாள்.

இனியும் டப்பாவில் கிடந்தால் அழுகிவிடும். இங்கே நட்டால் கோடையைத் தாங்காது. உங்களை வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. அவள் செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது; உங்களால் முடியாது. சனிக்கிழமை முதல் பேருந்தில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். நிறுத்தத்துக்கு வந்து நில்லுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.

அன்றைக்கு ஒரு கைப்பிடி மண் போட எனக்குக் கை எழவில்லை. எல்லாம் நீங்கள்தான் போட்டீர்கள். இந்த முறை சின்னதாக ஒரு குழி மட்டும் தோண்டி வையுங்கள். மண்ணை நான் போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
குருவியின் அம்மா