ஐந்து வருஷத்து அட்டை

சிட்டு அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? கப்பலில் குளிர் தாங்கவில்லை என்றீர்கள். காதை மூடும் குல்லாயைப் போட்டுக்கொள்ளுங்கள். யார் சிரித்தால் என்ன, காது உங்களுடையது. அடுத்த துறைமுகத்தில் இந்த உறை உங்கள் கைக்கு வந்துவிடும் என்று கப்பல் கம்பெனி ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார்.

நேற்று போனில், “குழந்தைக்கு எதுக்கு அஞ்சு வருஷம்?” என்று கேட்டீர்கள். லைன் கட்டாகவில்லை. நான்தான் வைத்துவிட்டேன். விமான நிலையத்தின் விரைவு வரிசையில் சிட்டு போவதற்கான ஐந்து வருஷ அட்டையின் விண்ணப்பம் இதோடு இருக்கிறது. அம்மா, அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை தருவார்கள். நான் போட்டுவிட்டேன். நீங்கள் போட வேண்டும். ஏன் என்பதைப் போனில் சொல்ல என்னால் ஆகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு ஆஸ்பத்திரிப் பயணம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை. சிட்டு நெஞ்சில் மருந்துக் குழாய் வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் விமான நிலையச் சோதனையில் எங்களைத் தனியாக நிறுத்துகிறார்கள். பாலைத் திறந்து பார்க்கிறார்கள், மருந்து பாட்டில்களைத் துடைத்துச் சோதிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வேலை. ஆனால் ஒரு தடவை, சோதனைக்கு வந்த காவலர் அம்மா நீலக் கையுறையை மாட்டியதும் நம் பெண் தானாகவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினாள். “மெதுவா குத்துங்க ஆன்ட்டி, நான் அழ மாட்டேன்” என்றாள். அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஒருவர், “சீக்கிரம் ஆகட்டுங்க, ஃபிளைட் போயிடும்” என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்ததும், விமான நிலையத்தில் சீக்கிரம் போக எந்தத் திட்டம் நல்லது என்று உட்கார்ந்து படித்தேன். கல்லூரிப் பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. ஒன்றில் வரிசையின் முன்னால் கொண்டுபோய் விடுவார்கள், அவ்வளவுதான். சோதனை அதேதான். இன்னொன்றில் நம்மைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து நம்பிவிடுவார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், பையைப் பிரிக்க வேண்டாம். இதைச் சொன்னபோது சிட்டு, “அப்பாவும் எடுத்துக்கட்டும்மா. அவர் ஷூவைக் கழட்டினா அங்க இருக்கிறவங்க பாவம்” என்றாள். சொல்லிவிட்டு இருமும்வரை சிரித்தாள்.

இரண்டாவதைத்தான் எடுத்தேன். ஆனால் எனக்கு மட்டும். டிக்கெட் வாங்காமல் மடியில் வைத்துக் கொண்டுபோன பழக்கம், பிள்ளை அம்மாவோடு சேர்த்திதானே என்று இருந்துவிட்டேன். போன பயணத்தில் விரைவு வரிசையின் வாசலில் நின்றவர், “உங்களுக்கு ஓகே மேடம். பாப்பாவுக்கு அட்டை எங்க?” என்றார். நாலு வயசுப் பிள்ளை என்ன குண்டா வைத்திருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. அந்த இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தையாயிற்றே, விழுங்கிக்கொண்டேன்.

அப்போது சிட்டு என் கையை விட்டாள். “நீ இந்தப் பக்கம் போய் நில்லும்மா. நான் அந்தப் பக்கம் தனியா போயிடுறேன். எனக்குப் பயம் இல்ல” என்றாள். பெரிய மனுஷி மாதிரி எனக்குத் தைரியம் சொல்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு நீள வரிசையின் கடைசிக்கே போய் நின்றேன். இறக்கிவிடச் சொன்னாள். இறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அவளுக்கு விண்ணப்பிக்கப் போனேன். போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்றார்கள். சொன்னதும் இன்னும் சிரித்தாள், திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒரு வருஷமா, ஐந்து வருஷமா என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். நான் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, “அஞ்சே போட்டுடுங்க மேடம். வளர்ற பிள்ளை. முகம் மாறிடுச்சுன்னா போட்டோவை மட்டும் மாத்திக்கலாம்” என்றார்.

முகம் மாறும் என்கிறார். வளரும் என்கிறார். நம் குழந்தையைப் பற்றி இப்படி யாராவது சாதாரணமாகப் பேசிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! சரி, போடுங்கள் என்றேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். டாக்டர் உங்களிடமும் பேசிவிட்டார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கோபத்தில் கேட்கவில்லை என்பதும் தெரியும்.

இன்று சாயங்காலம் டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார். “இனிமே அவ்வளவு தூரம் குழந்தையை அலைக்க வேண்டாம்மா. வலிக்கான மருந்தை உங்க ஊர்லயே குடுக்கச் சொல்றேன்” என்றார். வலி குறைந்தால் திரும்ப அழைத்து வரலாமா என்று கேட்டேன். அதற்கு அவர், “அவ அப்பா எப்பம்மா வர்றார்?” என்றார்.

இதைப் படித்ததும் கேப்டனிடம் பேசுங்கள். துறைமுகத்தில் இறங்கி நேராக விமானம் பிடியுங்கள். உங்களுக்கு அட்டை எடுக்க நேரமில்லை. முன்னால் கொண்டுபோய் விடும் அந்த முதல் திட்டத்தின் சீட்டு, ஒருமுறைக்கு மட்டும் என்று அங்கேயே விற்பார்கள். அது போதும், வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் முன்னால் நிற்பவர்களிடம் வழி கேளுங்கள். யாரிடமும் எதுவும் கேட்கக் கூச்சப்படுகிறவர் நீங்கள். இந்த ஒரு தடவை கேளுங்கள். என் பெண்ணைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் ஐந்தை அடித்து ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். அப்படியே கையெழுத்துப் போடுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வாருங்கள்.

வழியெல்லாம் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
சிட்டு அம்மா