ஜீப்பின் மேல்துணி நிறம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

இன்று வல்லம் வடகால் பட்டறையில் இருந்தவர்கள்: நான், என் மகன் சேகர், கேன்வாஸ் தைக்கிற ஏசுதாஸ், பழைய ராணுவ ஜீப்பைக் கொண்டுவந்த சார்.

அவர் அப்பா பட்டாளத்தில் ஓட்டிய வண்டி அது. மேல்துணி அன்றிருந்த நிறத்திலேயே வேண்டும் என்றார். வெளுத்துப்போன பழைய துணியைப் பார்த்து, பச்சைதான் என்று போன வாரம் அடித்துச் சொன்னவள் நான். என் வீட்டுக்காரர் ஓட்டிய ஜீப்பை நானே கழுவியிருக்கிறேனே.

"ஆயா, தையலப் பிரிச்சி மடிப்புக்குள்ள பாத்துடலாம். அங்க வெயில் பட்டிருக்காது" என்றான் அப்போதே ஏசுதாஸ்.

"நேத்து வந்தவன் எனக்கு சொல்லித் தர்றியா?" என்று எல்லார் முன்னாலும் விரட்டினேன். பச்சையிலேயே தைத்தாகிவிட்டது.

இன்று, புதுத் துணியில் வைக்க வாரின் பக்கிளை எடுக்கப் பழைய துணியின் தையலைப் பிரித்தான். உள்ளே மண் நிறம். பச்சை ஒரு நூலில்கூட இல்லை. நாங்கள் இருவர் மட்டுமே பார்த்தோம்.

"கலர் கரெக்ட்தானேம்மா?" என்றார் சார். ஏசுதாஸ் அந்தத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆயா சொன்னா இன்னா சார் தப்பா இருக்கப்போவுது?" என்றான். சார் என்னைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. கேலி செய்திருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவனோ என்மேல் பாவம் பார்த்துவிட்டான். யாரை மன்னித்தாலும் மன்னிப்பேன், ஏசுதாஸை மாட்டேன்.